வாளையாறு முதல் டாப் ஸ்டேஷன் வரை: எல்லையோரத்துக் கோடை

கோடை விடுமுறை வந்தாலே நம் வீடுகளில் இரண்டு பெயர்கள்தான் அடிபடும்: ஊட்டி, கொடைக்கானல். 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும் என்றான பின்னும் கூட்டம் கலைந்துவிடவில்லை. சென்னை, கோவை, மதுரை என்று பெருநகரங்களில் வெந்துகொண்டிருப்பவர்களுக்கு மலை வேண்டும், அது நியாயம்தான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மலையோடு வேறு சிலவும் வேண்டும். சாயங்காலம் காற்று வாங்க ஒரு பூங்கா, உச்சி வெயிலில் ஒதுங்கி நின்று பார்க்க ஓர் அருங்காட்சியகம், வயிற்றைக் கெடுக்காத நல்ல சாப்பாடு. ஒரு பெருநகரம் தன் கோடைக்கு வைத்திருக்கும் இந்த மூன்றும் பாலக்காட்டில் தொடங்கி மூணாறு வரை எல்லையை ஒட்டியே பரவிக் கிடக்கின்றன. வாளையாறில் கேரளத்துக்குள் நுழைந்து, கோவிந்தாபுரத்தில் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் ஏறும் பாதை அது. வழி நெடுகத் தமிழ் பேசியே சமாளித்துவிடலாம். அங்கே தமிழர்களும் நிறைய வாழ்கிறார்கள் என்பதே காரணம்.

கோடையில் போய் பாலக்காடா என்று கேட்பார்கள். கேரளத்திலேயே அதிகம் காயும் ஊர் அது. 2024 ஏப்ரலில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழி விட்டிருக்கிறது. அந்தக் கணவாய் வழியே கோவைப் பக்கத்து வறண்ட காற்று தடையில்லாமல் உள்ளே வருகிறது. கேரளத்தின் மற்ற இடங்களில் தென்னை நிற்கும் வரப்புகளில் இங்கே பனை நிற்பதும் இந்த வறட்சியால்தான். ஆகவே பாலக்காட்டுக்கென்று ஒரு நேரக்கணக்கு உண்டு. விடிந்ததும் புறப்பட்டு பத்து மணிக்குள் வெளி வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். நடுப்பகலைக் கூரைக்கடியில் கழித்துவிட்டு நாலு மணிக்கு மேல் மறுபடி கிளம்பலாம். இந்தக் கணக்குக்கு உட்பட்டால் பாலக்காடு கோடையிலும் இனிமையான ஊர்.

விடியற்காலைக்கு நான் சொல்வது ராமசேரி. எலப்புள்ளிக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது இந்த எலப்புள்ளியில்தான். ராமசேரிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இட்லி. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் விற்றுப் பிழைக்கச் சுட ஆரம்பித்த பண்டம் இது. ஒரு காலத்தில் ஏராளமான வீடுகளில் நடந்த தொழில் இப்போது ஒரு சில குடும்பங்களின் கையில் மட்டும் இருக்கிறது.

அந்த இட்லி அவிவதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். விறகடுப்பில் தண்ணீர்ப் பானை கொதிக்கிறது. அதன் வாயில் பொருந்துகிற மண் வளையம் ஒன்று. வளையத்தின் குறுக்கும் நெடுக்குமாக நூல் வலை பின்னியிருக்கிறார்கள். வலைமேல் ஈரத்துணி, துணிமேல் ஒரு கரண்டி மாவு. இப்படி வளையத்தின்மேல் வளையமாக அடுக்கி மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடுகிறார்கள். எடுக்கும்போது துணியோடு தூக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து உரித்தால், தோசைக்குத் தம்பி மாதிரி தட்டையாக, பஞ்சுபோன்ற வட்டம் இலையில் விழுகிறது. இட்லித் தட்டின் குழி இதற்குத் தெரியாது. விளிம்பும் நடுவும் ஒரே பதத்தில் வெந்திருக்கும், விறகுப் புகையின் வாசம் லேசாக ஏறியிருக்கும். தேங்காய்ச் சட்னி, சாம்பார் எல்லாம் தருகிறார்கள். ஆனால் அதற்கென்று அரைத்த பொடியில் தேங்காய் எண்ணெயை ஊற்றிக் குழைத்துத் தொட்டுக்கொள்வதுதான் முறை. நல்லெண்ணெய்க்குப் பழகிய நாக்குக்கு முதல் விள்ளல் அந்நியமாகத் தெரியும், மூன்றாவதில் சரியாகிவிடும். எளிதில் கெடாது என்பதால் பயணத்துக்குக் கட்டி வாங்கிக்கொள்கிறவர்களும் நிறையப் பேர். சீக்கிரம் போய்விடுங்கள், வெயில் ஏறும்போது அடுப்பருகே நிற்பவர்களின் சிரமத்தைப் பார்த்தால் நமக்கே மனம் கேட்காது.

ஊருக்குள் திரும்பினால் கோட்டை. ஹைதர் அலி 1766-இல் கட்டியது. ஊரார் வாயில் திப்பு கோட்டை. 1790-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. சுற்றிலும் தண்ணீர் நிற்கும் அகழியும், அதையொட்டிய நடைபாதையும், மரங்களும், பக்கத்திலேயே வாடிகா பூங்காவும், எதிரே கோட்டை மைதானமும் சேர்ந்து பாலக்காட்டுக்காரர்களின் காலையையும் மாலையையும் தாங்குகின்றன. பெருநகரப் பூங்காக்களில் நடப்பதற்குக்கூட வரிசை நிற்கிற காலத்தில், ஒரு கோட்டையைச் சுற்றி நிதானமாக நடக்கக் கிடைப்பது பெரிய விஷயம். கோட்டைக்குள் ஓர் ஆஞ்சநேயர் கோயிலும் உண்டு.

கல்பாத்தியைக் கோடையில் பார்க்கச் சொல்வேன். நவம்பரில் தேர்த்திருவிழாவின்போது கால் வைக்க இடமிருக்காது. ஏறத்தாழ 600 ஆண்டுப் பழமையுள்ள விசுவநாதர் கோயில், அதன் பின்னால் படித்துறை, இறங்கினால் கோடையில் மெலிந்துபோன ஆறு. அக்ரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நீளுகின்றன. திண்ணை ஓட்டின் நிழலில் நடந்தால் தெருவின் வெக்கை பாதியாகிவிடுகிறது. அந்த நிழலில் கொண்டாட்டம் விற்கிறார்கள். மோர் மிளகாய், சுண்டைக்காய், பாகற்காய் என்று நாம் வற்றல் என்கிற அத்தனைக்கும் அங்கே அதுதான் பெயர். வெயில் வீணாகாத ஊர். வாங்கி வைத்துக்கொண்டால் ஆடி, ஆவணி மழைவரை தயிர்சாதத்துக்குக் கவலையில்லை.

சாயங்காலம் மலம்புழா. பாலக்காட்டிலிருந்து பத்து கிலோமீட்டர். இந்த அணையைக் கட்டியது சென்னை மாகாணம் என்பதைத் தமிழ்ச் சுற்றுலாக்காரர்களே பலர் அறிவதில்லை. பாலக்காடு அன்று மலபார் மாவட்டத்தில் சேர்ந்து சென்னையின் ஆட்சிக்குள் இருந்தது. 1949-இல் பொதுப்பணித்துறை அமைச்சர் பக்தவத்சலம் அடிக்கல் நாட்டினார். 1955 அக்டோபர் 9 அன்று முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது அணையும் அதன் பாசனமும் கேரளத்தோடு போயின. அதே நாளில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன, கன்னியாகுமரி நம்மிடம் வந்தது. இன்று பாலக்காட்டு வயல்களுக்கு இந்தத் தண்ணீர் பாய்வதைப் பார்க்கையில், ஓர் அரசு தன் எல்லைக்குள் இருந்த மண்ணுக்குச் செய்த நல்ல காரியம் எல்லை மாறிய பிறகும் பலன் தருகிறது என்ற நிறைவு வருகிறது.

அணையின் காலடியில் விரிந்த தோட்டத்தில் தொங்கு பாலம், நீரூற்று, கம்பிவடத்தில் ஆடிப் போகும் ரோப்வே என்று பிள்ளைகளுக்கு வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. பெரியவர்கள் நிற்க வேண்டிய இடம் யக்ஷி. கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் முடித்த, முப்பது அடி உயரக் கான்கிரீட் சிற்பம். அவர் சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றவர். ஆடையில்லாத பெண்ணுருவம் பொது இடத்திலா என்று அன்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அவர் அசையவில்லை. கால்களை அகல நீட்டி, கூந்தலில் கைகோத்து, முகத்தை மேலே தூக்கி மலைகளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நாலரை மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், உடம்பின் ஒவ்வொரு திரட்சியும் பின்னால் நிற்கும் மலையின் மடிப்பாகத் தெரியும். கைபேசியைத் தூக்கிச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு நகரும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பத்து நிமிடம் அதன் எதிரே சும்மா உட்கார்ந்தால் போதும், சிரிப்பு தானாக அடங்கும். சண்டிகரில் பாறைத் தோட்டம் அமைத்த நேக் சந்த், உடைந்த வளையலும் ஓடும் கொண்டு இங்கேயும் ஒரு பாறைத் தோட்டம் ஆக்கியிருக்கிறார். சிறு பிள்ளைகள் அதை விட்டு வரமாட்டார்கள்.

மறுநாள் நடுப்பகலுக்கு இரண்டு வீடுகள். முதலாவது தஸ்ராக்கில் இருக்கும் ஓ.வி. விஜயன் நினைவகம். 1969-இல் நூலாக வந்து மலையாள நாவலின் திசையை மாற்றிய ‘கசாக்கின் இதிகாசம்’ பிறந்த மண் இது. தமிழில் யூமா வாசுகி பெயர்த்தார், அதற்காக 2017-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது பெற்றார். நாவலில் வரும் நெற்களஞ்சிய வீடு, ஞாற்றுப்புரை, அப்படியே காக்கப்பட்டிருக்கிறது. விஜயன் கேலிச்சித்திரக்காரரும்கூட, அவருடைய கோட்டோவியங்கள் சுவர்களில் தொங்குகின்றன. வளாகத்தில் நாவலின் மாந்தர்களைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு நாவலுக்காக ஓர் ஊரையே பேணும் இந்த மனது நமக்கும் வர வேண்டும். நம் எழுத்தாளர்களின் ஊர்களான இடைசெவலையும் எட்டயபுரத்தையும் நினைத்துக்கொண்டேதான் அங்கே சுற்றினேன்.

இரண்டாவது, கொல்லங்கோட்டுக்குப் போகும் வழியில் வடவன்னூர். இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த எம்.ஜி.ஆரின் தாய் சத்யபாமாவின் ஊர். அங்கன்வாடியாக நடந்துகொண்டிருந்த பழைய ஓட்டு வீட்டைச் சீர்படுத்தி 2019-இல் நினைவில்லம் ஆக்கினார்கள். பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம். சிறிய வீடு, படங்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் முன்னறையில் நிற்கும்போது ஒன்று புரிகிறது. இலங்கை மலையகம், பாலக்காடு, தஞ்சைச் சீமை மூன்றையும் வறுமை ஒரே குடும்பத்துக்குள் இழுத்துக் கட்டியிருக்கிறது.

அங்கிருந்து கோவிந்தாபுரம் வரை முதலமடை மாந்தோப்புகள். நாட்டின் பல பகுதிகளில் மா பூத்து நிற்கையிலேயே இங்கே காய் சந்தைக்கு வந்துவிடும் என்பதால் வடநாட்டு வியாபாரிகள் தேடி வருகிற ஊர். மே மாதத்தில் தோட்டத்து வாசலிலேயே பழம் விற்பார்கள். பனை நுங்கும் கிடைக்கும். கொல்லங்கோட்டுப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் பாலக்காட்டு மட்டை அரிசிச் சோறு, குடிக்கப் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர், கடைசியில் இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்ட சம்பாரம் என்னும் மோர். நாற்பது டிகிரியில் ஐஸ் தண்ணீரைவிட அந்தச் சிவப்பு வெந்நீர் தாகத்தை அடக்கும். குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காடு பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே ஒரு கிளை பிரியலாம். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் போகும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். கன்னிமாரா தேக்கை அங்கே பார்க்கலாம். கைகோத்து நிற்க ஐந்து பேர் வேண்டும் என்கிற அளவுக்குப் பருத்த மரம். காட்டுத்தீ பயத்தால் கோடையில் சில நாட்கள் மூடிவைப்பதுண்டு. கேட்டுக்கொண்டு போவது நல்லது.

உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலையில் பகலிலேயே ஏறிவிட வேண்டும், யானை நடமாடும் காடு. சின்னாறு சரணாலயம் மழை மறைவுப் பகுதி. கேரளம் என்றால் பசுமை என்று எதிர்பார்த்து வருகிறவர்களை முள்மரமும் பாறையுமாக வரவேற்கும். சாம்பல் நிற மலை அணிலுக்கும் நட்சத்திர ஆமைக்கும் இதுதான் வீடு. ஏறி மறையூரை அடைந்ததும் காற்று மாறுகிறது. வேலிபோட்டுக் காக்கும் சந்தனக் காடு, பாறைமேல் முனியறை என்று ஊரார் சொல்லும் பெருங்கற்காலக் கல்லறைகள், அப்புறம் கரும்பு.

மறையூர், காந்தலூர் பக்கத்தை அஞ்சுநாடு என்பார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து பல நூற்றாண்டுக்கு முன் வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழ்க் குடிகள் ஐந்து ஊர்களாக அமைந்த நாடு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் இந்த வயல்களில் விளைவது. சாலையோரக் கொட்டகையில் நின்று பார்க்கலாம். கொப்பரையில் சாறு கொதிக்கிறது, பிழிந்து காய்ந்த சக்கையே அடுப்புக்கு விறகு. பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் உள்ளங்கையில் அள்ளி உருட்டுகிறார்கள். ஒவ்வொரு உருண்டையிலும் உருட்டியவரின் விரல் தடம் பதிந்திருக்கும். வாயில் போட்டால் உப்புக்கரிப்பே இல்லாத இனிப்பு தட்டுப்படும். வெளியூரிலிருந்து வரும் மலிவு வெல்லத்தை மறையூர் என்று விற்பதால் இந்த விவசாயிகள் படும் பாடு பெரிது. கொட்டகையிலேயே வாங்குங்கள், பணம் உருட்டிய கைக்குப் போகும்.

மூணாறுக்குள் நுழையும் முன்பே ராஜமலை வருகிறது. 97 சதுர கிலோமீட்டர் பரந்த இரவிகுளம் தேசியப் பூங்காவில் நம்மை அனுமதிப்பது இந்த ஒரு ஓரத்தில் மட்டும். வரையாடு குட்டி ஈனும் காலமென்று பிப்ரவரி, மார்ச்சில் மூடி ஏப்ரலில் திறக்கிறார்கள். அதனால் கோடையில் போகிறவர்களுக்குத் தாயோடு ஒட்டிப் பாறையில் தாவும் குட்டிகளைப் பார்க்கும் பேறு கிடைக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இந்த வரையாடு. 2025-இல் இரு மாநில வனத்துறையும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் மொத்தம் இரண்டாயிரத்து அறுநூறுக்கு மேல் தேறின, இரு மாநிலத்துக்கும் ஏறத்தாழ சரிபாதி. இந்த மலையின் குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல்.

ராஜமலைக்குப் போகிறவர்கள் பெட்டிமுடியை நினைக்காமல் திரும்பக் கூடாது. பூங்காவைத் தாண்டி அதே மலையில் இருந்த தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து, லயங்கள் எனப்படும் அந்த வரிசை வீடுகளை மூடியது, 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள். கயத்தாறு பக்கத்தில் வேர் உள்ள குடும்பங்கள் பல. நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்களைப் பூங்காவுக்குள் கூட்டிப்போய்க் காட்டிய வனத்துறைத் தற்காலிக ஊழியர்களும் அதில் இருந்தார்கள். எடுக்கப்பட்ட உடல்களை ராஜமலையிலேயே அடக்கம் செய்தார்கள். நாம் படம் எடுக்கும் பச்சைச் சரிவு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு லயம் இருக்கிறது.

நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகம் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விட்டால் நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். கொழுந்து வாடுவது, அரைபடுவது, நிறம் மாறுவது, உலர்வது, சலிப்பது எல்லாவற்றையும் இயந்திரத்தை ஓட்டியே காட்டுகிறார்கள். பழைய உருட்டு இயந்திரம், மின்சாரம் எடுத்த பெல்டன் சக்கரம், பெரியகானல் அருகே கிடைத்த முதுமக்கள் தாழி, ஒரு ரயில் சக்கரம். முற்றத்தில் கருங்கல் பீடத்தின்மேல் ஒரு சூரிய கடிகாரம். 1913-இல் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்தது. அதைக் குனிந்து பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. திருநெல்வேலிச் சீமையின் செம்மண் தேரியை ஒட்டிய ஊரில் யாரோ ஒரு பையன் அளந்து, கோடு கிழித்து, அராவிச் செய்த பொருள் இந்தக் குளிர்மலையில் துரைமார்களுக்கு மணி காட்டியிருக்கிறது.

அந்தக் கடிகாரத்தைப்போல மலையேறி வந்த தொழிலாளர்களுக்கு அந்தக் கட்டடத்தில் கிடைத்திருக்கும் இடம் போதாது. கங்காணி கொடுத்த முன்பணத்தை நம்பி மலையேறியவர்கள், காடு வெட்டியவர்கள், மழையில் கொழுந்து பறித்தவர்கள், 1924 வெள்ளத்தில் போனவர்கள். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து பத்தாகக் குறைத்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு ஒன்பது நாள் மூணாறு வீதியில் உட்கார்ந்த பெண்களின் பொம்பிளை ஒருமையை எழுதாமல் தேயிலையின் கதையை எப்படி முடிப்பது? அவர்களுடைய கூடை, கம்பளி, படங்கு, லயத்து அடுப்பு, பேச்சு எல்லாவற்றுக்கும் ஒரு தனிக் கூடம் வேண்டும். தேயிலைக் கம்பெனி செய்தாலும் சரி, இரண்டு அரசுகள் சேர்ந்து செய்தாலும் சரி. அதைக் கேட்கும் உரிமை டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நமக்கும் உண்டு. பார்வையாளர் குறிப்பேட்டில் நான் அதைத்தான் எழுதினேன்.

மூணாறு பஜாரில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் குடும்பங்கள் சாமான் வாங்க இறங்கி வரும்போது போனால் ஊரின் உண்மையான முகத்தைப் பார்க்கலாம். ஒரு கடையில் இட்லி, வடை, பக்கத்துக் கடையில் புரோட்டாவும் மாட்டிறைச்சியும், இன்னொன்றில் கப்பையும் மீனும். “என்னண்ணே, டீயா கட்டனா?” என்று கேட்பார்கள். கட்டன் சொல்லுங்கள். பால் இல்லாமல் குடித்தால்தான் அந்த மலையின் தேயிலை நாக்கில் பேசும். வட்டவடைக் கேரட்டை மண்ணோடு கட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழிக்கு மறுபடி உடுமலைக்கு இறங்க வேண்டியதில்லை. மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒரு நடை போய் வாருங்கள். மூணாறிலிருந்து அங்கே 1902-இல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908-இல் அது சிறு ரயிலானது, 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. அருங்காட்சியகத்தில் பார்த்த சக்கரம் இந்த ரயிலுடையதுதான். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போயின. தொழிலாளர்கள் அதே சரிவில் எதிர்த்திசையில் கால்நடையாக ஏறி வந்தார்கள். இன்று மூணாறிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாக போடிக்குப் பேருந்து இருக்கிறது, கொண்டை ஊசி வளைவுகளில் ஏலக்காய் மணம் கூடவே வரும். அகலப்பாதை வேலைக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த போடி ரயில் 2023 ஜூனில் மீண்டது. வாரத்தில் மூன்று நாள் போடியில் இரவு ஏறினால் காலையில் சென்னை.